அசையாத பொருளில் கட்டிய கயிறு

என் பெயர், தகப்பனார் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பந்தல்காரர் வீடு என்று கேட்டால் தெரு நாய்கூட வழி காட்டும். வயது ஐம்பத்து நான்கு. படிப்பு பத்தாம் வகுப்பு, அதில் கணக்கை மட்டும் இரண்டு தடவை படித்தேன். தொழில் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகை.

ஆய்வாளர் ஐயா என்னை உட்காரச் சொன்னார். நான் நிற்கிறேன் என்றேன். மரியாதைக்காக நிற்கிறேன் என்று எண்ணி அவர் மறுபடியும், "பரவால்ல, உக்காருங்க" என்றார். அதற்கு மேல் மறைக்க வழியில்லாமல், என் கால்சட்டையின் பின்பக்கத் தையல் விட்டிருப்பதை நிலையத்தில் இருந்த அனைவர் முன்னிலையிலும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அது நேற்று சம்பவத்தின்போது கிழிந்தது. வீட்டுக்குப் போனதும் என் மனைவி கைக்குக் கிடைத்த பச்சை நூலால் தைத்துக் கொடுத்தாள். இன்று காலை மறுபடியும் விட்டுவிட்டது. இன்று காலை ஏன் விட்டது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போது சுவரோர முக்காலியில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நானே எழுதுவதற்குக் காரணம், வாக்குமூலம் எழுதவேண்டிய காவலருக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. என் கை கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு எப்படிக் கொப்புளம் வந்தது என்பதும் பின்னால் வரும்.

என் மூத்த மகள் நகர மன்றக் கூடத்தின் மாடியில் உள்ள ஓர் அறையில் வேலை பார்க்கிறாள். ஊரில் உள்ள பல்வேறு மக்களின் பண்பாட்டைப் பதிவு செய்து பாதுகாப்பது அவள் வேலை என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். அதற்கு அரசாங்கத்தின் நிதி அலுவலகம் பணம் தருகிறது. காகிதத்தில் அதற்கு நல்கை என்று பெயர், எங்கள் வீட்டில் கிராண்ட். இந்த வருடம் அவள் எடுத்துக்கொண்டது பாரம் இழுக்கும்போது ஆட்கள் கொடுக்கும் குரல். அதைக் கேட்டதும் நான், "கத்துறதுக்குக் கிராண்ட் குடுக்கறாங்களா? அப்படின்னா உங்கம்மாவுக்கு இத்தன வருசத்துக்கும் சேத்து வரணுமே" என்றேன். அதன் பிறகு அன்று எனக்குச் சாப்பாடு தாமதமாக வந்தது.

விண்ணப்பத்தில், இத்திட்டத்தால் ஏற்படப்போகும் அளக்கக்கூடிய மாற்றம் யாது என்று ஒரு கேள்வி இருந்ததாகவும், அதற்கு மட்டும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றும் என் மகள் சொன்னாள். "மூணு கூட்டம் ஒண்ணா நிக்கும்னு எழுது" என்றேன். "அத எதால அளக்கறதுப்பா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. பிறகு அவள் ஏதோ எழுதிச் சமாளித்தாள், கிராண்டும் கிடைத்தது.

மூன்று கூட்டம் என்று நான் சொன்னது, வலை இழுக்கும் கடற்கரைக்காரர்கள், மரம் இழுத்த மலைக்காரர்கள், சரக்குக் கிடங்கில் மூட்டை வண்டி இழுக்கும் பெண்கள் ஆகியோரை. மூன்று பேருக்கும் பாஷை வேறு. ஊருக்கு வந்த காலம் வேறு. ஒருவர் கடையில் மற்றவர் தீப்பெட்டி வாங்க மாட்டார். கடற்கரைக்காரர்களுக்குத் தலைவர் தொண்டை. இவர் கரையில் நின்று கூப்பிட்டால் படகில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். மலைக்காரர்களுக்கு மேஸ்திரி. கிடங்குப் பெண்களுக்குப் பெரியக்கா. என் மகள் மூன்று பேர் வீட்டுக்கும் நடையாய் நடந்து, அவர்கள் குரலைத் தனித்தனியாகப் பதிவு செய்தாள். அதுவரை சண்டை இல்லை.

அதன் பிறகு நிறைவு நிகழ்ச்சியில் மூன்று கூட்டமும் சேர்ந்து ஒரே கயிற்றை இழுத்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடானது. ஒத்திகை ஒன்றுகூட உருப்படவில்லை. கடற்கரைக்காரர்கள் குரல் எழும்பும்போதே இழுப்பார்கள். மலைக்காரர்கள் குரல் முடியும் இடத்தில் இழுப்பார்கள். கிடங்குப் பெண்கள் குரல் கொடுத்து முடித்து, வாயை மூடி, அந்த அமைதியில் இழுப்பார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்ற இருவரும் சும்மா நிற்பதால் ஒவ்வொரு கூட்டமும் மற்ற கூட்டத்தைச் சோம்பேறி என்றது. "பாடிக்கிட்டே இழுத்தா மூச்சு எங்கிருந்து வரும்?" என்று பெரியக்கா கேட்டார். "பாடி முடிச்சு இழுத்தா அதுக்குள்ள மீன் ஊருக்குப் போயிடும்" என்றார் தொண்டை. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவரைத் திரும்ப அழைத்து வருவது என் மகளின் தினப்படி வேலையாக இருந்தது.

இது இப்படியிருக்க, நிதி அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது. நிகழ்ச்சியில் பாரம் எதையும் நகர்த்தக் கூடாது, கயிறு அசையாத பொருள் ஒன்றில்தான் கட்டப்பட வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது. என் மகள் அதற்கு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கயிறு என் கடையுடையது, கட்டவேண்டியவன் நான்.

நேற்று பிற்பகல் கூடத்து முற்றத்தில் எனக்கும் என் மகளுக்கும் பின்வரும் பேச்சு நடந்தது.

"அப்பா, போர்ட்டிகோ தூண்ல கட்டிடுங்க."

"தூண் கூரையத் தாங்குதும்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அந்த ரோலரப் பாரு. அது எதையும் தாங்கல. உங்க தாய்மாமன் மாதிரி சும்மா உக்காந்திருக்கு."

"அது நகராதுல்ல?"

"நகந்தா மீசைய எடுத்துடறேன்."

இந்தப் பேச்சு இப்படித்தான் நடந்தது. ரோலரில் கட்டுவது என்று முடிவு செய்தவன் நான். என் மகள் தூணைத்தான் சொன்னாள். இது இந்த வாக்குமூலத்தில் முக்கியமான இடம் என்பதால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். வாக்கு வாக்குதான் என்பதால் இன்று காலை மீசையையும் எடுத்துவிட்டேன். அடையாள அட்டைப் படத்தில் மீசையோடு இருப்பவரும் நானே.

ரோலர் பற்றி ஐயாவுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அது புகைபோக்கி வைத்த பழைய ரோடு ரோலர். முற்றத்தின் மேட்டுப் பக்கத்தில், யாரும் நினைவு வைத்திருக்காத காலத்திலிருந்து நிற்கிறது. தன் எடையாலேயே தனக்கு ஒரு குழி பறித்து அதில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. நான் அதன்மேல் ஏறி ஓட்டி விளையாடியிருக்கிறேன், என் பிள்ளைகளும் விளையாடியிருக்கிறார்கள். அப்படித் திருகித் திருகி அதன் முன் உருளை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கும். அதை அப்புறப்படுத்த நகர மன்றம் கிரேன் கொண்டுவந்ததும், சங்கிலி அறுந்து கிரேன் திரும்பிப் போனதும் ஊருக்கே தெரியும். நேற்று நான் கயிறு கட்டும்போது நகர மன்றப் பொறியாளர் ஐயா அந்த வழியாக வந்து, "இழுங்க இழுங்க. நகந்துச்சுன்னா நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க" என்று சிரித்துவிட்டு, தன் ஸ்கூட்டரைச் சரிவுப் பக்கம் உள்ள சைக்கிள் ஷெட்டில் நிறுத்திவிட்டு மேலே போனார். அவர் நல்ல மனிதர். நானும் கூடச் சிரித்தேன்.

அதன் பிறகு ஜனம் கூடியது. நிதி அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் நிகழ்ச்சியைப் பார்த்து அறிக்கை எழுத வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். பாதுகாப்புக்கு, மேற்படி எழுத்துக் காவலர் லத்தியுடன் நின்றார். கயிறு ரோலரிலிருந்து முற்றத்தின் குறுக்கே இறங்கி, ஷெட் ஓரமாகப் போய், பக்கவாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் நீண்டது. முதலில் கடற்கரைக்காரர்கள் இழுத்தார்கள். கைதட்டல். பிறகு மலைக்காரர்கள். கைதட்டல். பிறகு கிடங்குப் பெண்கள். கைதட்டல். ரோலர் அசையவில்லை. என் மகள் மைக்கில், அடுத்து மூவரும் சேர்ந்து இழுப்பார்கள் என்றும், ஒத்திகையில் பேசியபடி கடற்கரைக் குரலோடு எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள் என்றும் சொன்னாள்.

அப்படி ஒன்றும் ஒத்திகையில் பேசி முடிவாகவில்லை. பெரியக்கா கயிற்றைப் பிடித்தபடியே, "ஏன், எங்க குரலுக்கு என்ன சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. தொண்டைக்குக் கோபம் வந்து குரலை உயர்த்தினார். மேஸ்திரி இந்தத் தடவை வீட்டுக்குப் போகாமல் அவர் பாட்டை அவர் ஆரம்பித்தார். பெரியக்காவும் விடவில்லை. மூன்று கூட்டமும் ஒருவர் குரலை ஒருவர் அமுக்க வேண்டும் என்ற வீம்பில் அவரவர் குரலுக்கு அவரவர் இழுக்க ஆரம்பித்தார்கள். என் மகள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மானம் போகிறதே என்று நான் ஓடிப்போய்க் கயிற்றின் வால் பக்கத்தைப் பிடித்தேன். நாற்காலி தூக்கவே ஆள் வைத்திருப்பவன் நான். பலத்துக்குப் பிடிக்கவில்லை, மகளைப் பார்த்து யாரும் சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று பிடித்தேன். எழுத்துக் காவலர் என்ன நினைத்தாரோ, லத்தியை நிதி அலுவலகத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து பிடித்தார். அந்த அம்மா கடைசி வரைக்கும் லத்தியோடுதான் நின்றார்.

இனி எழுதப்போவதை ஐயா நம்பினாலும் நம்பாவிட்டாலும், நடந்தது இதுதான்.

மூன்று குரலும் ஒன்றாகிவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றாகவே இல்லை. ஒவ்வொன்றும் தன் வழியில் வீறாப்பாகப் போயிற்று. ஆனால் கடற்கரைக்காரர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் மலைக்காரர்கள் இழுத்தார்கள். மலைக்காரர்கள் கை தளரும் இடத்தில் பெண்களின் அந்த வாய் மூடிய இழுப்பு வந்தது. அது முடிவதற்குள் தொண்டையின் குரல் மறுபடி எழுந்துவிட்டது. கயிற்றுக்கு ஓய்வே இல்லை. தனித்தனியாக இழுத்தபோதெல்லாம் ரோலர் குழியில் ஒரு மயிரிழை ஏறி, இழுப்பு விட்டதும் பழையபடி சரிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நம் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது அதற்குச் சரிந்து உட்கார நேரம் கிடைக்கவில்லை. இது எல்லாம் நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது தோன்றியது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புதுக்கயிறு இழுத்தால் முதலில் நீளும். அதுவும் நீண்டது. பிறகு இறுகி, கம்பி மாதிரி ஆகி, நீள்வது நின்றுவிட்டது. அதை என் கை சொன்னது. நின்ற பிறகும் என் கால் பின்னால் ஓர் அடி போனது.

கயிறு நீளவில்லை, கால் பின்னால் போகிறது. அப்படியென்றால் எது முன்னால் வருகிறது என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் கால்சட்டை கிழிந்தது. நான் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

முன்னால் இருந்த காவலர், "யோவ், வருதுய்யா" என்றார். கத்தவில்லை, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னார். புகைபோக்கிக்குள்ளிருந்து இரண்டு குருவிகள் பறந்து வெளியே போயின. அதன் பிறகு ரோலர் குழியை விட்டு ஏறியது. ஏறி மேட்டில் ஒரு கணம் நின்றது. எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். என் மகள் "கயித்த விட்டுட்டு விலகுங்க" என்று கத்தினாள், அவள் கத்தியதால்தான் ஒருவருக்கும் அடிபடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. யாரும் இழுக்காமல், நிறைமாதக்காரி நடப்பதுபோல அது சரிவில் மெதுவாக இறங்கி வந்தது. திரும்பிக் கிடந்த முன் உருளை அதை ஷெட் பக்கம் கொண்டுபோனது. ஷெட்டின் சுவர் அதை எதிர்த்து நிற்கவில்லை. உள்ளே இருந்த ஒரே வண்டி பொறியாளர் ஐயாவின் ஸ்கூட்டர். அது தகடாயிற்று.

கைதட்டல் இல்லை. விசில் இல்லை. தொண்டை தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியக்கா போய், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல உருளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான் குழிப்பக்கம் போனேன். அதில் வெயிலே பார்க்காத புல் பால் நிறத்தில் முளைத்திருந்தது. ரோலருக்கு அடியில் எதுவும் உயிரோடு இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் எத்தனையோ மேடை போட்டிருக்கிறேன், எத்தனையோ பேச்சும் பாட்டும் என் மைக்கில் போயிருக்கின்றன. ஒரு குரலால் ஒரு பொருள் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நிதி அலுவலகத்து அம்மா லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம், "டேப் இருக்கா?" என்று கேட்டார். பந்தல்காரனிடம் டேப் இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன். குழியின் விளிம்பிலிருந்து உருளை வரை அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். பிறகு என் மகளைப் பார்த்து, "அளக்கக்கூடிய மாற்றம்னு ஒரு கேள்வி இருந்துச்சே, அதுக்கு என்ன எழுதியிருந்தீங்க?" என்றார். என் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு பொறியாளர் ஐயா ஓடிவந்து "என் வண்டி, என் வண்டி" என்றதும் எல்லோருக்கும் உயிர் வந்தது. உடனே மூன்று கூட்டமும் தங்கள் குரலுக்குத்தான் ரோலர் நகர்ந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே மூன்று திசையில் கலைந்து போனார்கள். பொறியாளர் ஐயா நேரே நிலையத்துக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தார். நேற்று மாலை நிலையத்தில் என் மகள், "ரோலர்ல கட்டச் சொன்னது நான்தான் சார். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது பொதுவாக உண்மை. இந்த விஷயத்தில் மட்டும் பொய். வழக்குப் பதிவானால், உறுதிமொழியை மீறியதாக நிதி அலுவலகத்து அம்மா இன்று மாலை அறிக்கை அனுப்பியாக வேண்டும். கிராண்ட் நிற்கும். கையெழுத்துப் போட்டவள் என் மகள் என்பதால் இனி எப்போதும் அவள் விண்ணப்பிக்க முடியாது. மாடி அறை பூட்டப்படும். இழுத்தவர்கள் நாங்கள் எல்லோரும், எழுத்துக் காவலர் உட்பட. கட்டியவன் நான். அகப்பட்டவள் அவள் மட்டும். ஆகவே வழக்கு என்று ஒன்று இருந்தால் அது என்மேல் இருக்கட்டும் என்று தெரிவித்துக்கொள்கிறேன். கிளம்பும்போது என் மனைவி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க பேசிப்பேசியே அவள உள்ள தள்ளிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். முயற்சி செய்திருக்கிறேன்.

இன்று காலை நான் வந்து சேர்ந்த பிறகு, பொறியாளர் ஐயா இதே இடத்தில் ஆய்வாளர் ஐயா முன்னிலையில், "எனக்கு வழக்கு வேண்டாம் சார். ரோலர இருந்த எடத்துலயே வச்சுக் குடுக்கச் சொல்லுங்க, புகாரக் கிழிச்சுப் போட்டுடறேன். வண்டியக்கூட மறந்துடறேன்" என்றார். மேட்டில் ஏற்றவேண்டும் என்பது தெரிந்தேதான் சொன்னார், பாதி கேலிதான். லத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த நிதி அலுவலகத்து அம்மா மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, "அப்படி ஏதாவது நடக்கறதா இருந்தா, சாயங்காலம் அறிக்கை போறதுக்குள்ள நடக்கணும். நடந்தா நானும் வந்து பாக்கணும்" என்றார். ஆய்வாளர் ஐயா என் மகளிடம் "முடியுமாம்மா?" என்று கேட்டார். அவள், "மூணு பேரும் இனி ஒரே தெருவுலகூட நிக்க மாட்டாங்க சார்" என்றாள். பிறகு என்னைக் கேட்டார். "ஆளுங்களக் கேட்டுப் பாக்கணுங்கய்யா" என்றேன்.

மேலே உள்ளதை எழுதியவனும் நானே, திரும்பப் படித்தவனும் நானே. யாரும் மிரட்டவில்லை, டீ கொடுத்தார்கள். இதில் பொய் கலக்கவில்லை, தேவைக்கு மேல் கொஞ்சம் பேச்சு கலந்திருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் ஆய்வாளர் ஐயா, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா" என்றேன். வாய் சொல்லாததைக் கை எழுதிவிடுகிறது. இன்று காலை, பொறியாளர் ஐயா பேசுவதற்கு முன்பே, ஏன் என்று எனக்கே தெரியாமல் விடியும் நேரத்தில் எழுந்து முற்றத்துக்குப் போய், ரோலருக்கு அடியில் தவழ்ந்து, கயிற்றை இந்தத் தடவை பின்பக்கம் கட்டிவிட்டு வந்தேன். பச்சை நூல் விட்டது அங்கேதான். நான் எழுந்து மண்ணைத் தட்டும்போது தொண்டையும் மேஸ்திரியும் பெரியக்காவும் கயிற்றின் பக்கத்தில் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

(ஒப்பம்)
பந்தல்காரர்